அழைத்தும் வராத விருந்தாளி

நல்ல முகூர்த்த நாளில் ஓட்டல்காரர் எவரையாவது கவனித்திருக்கிறீர்களா? கல்லாவில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருப்பார். அவருடைய சரக்கில் குற்றம் ஒன்றுமில்லை. இட்லி பூப் போலத்தான் இருக்கிறது. சாம்பாரும் தெருக்கோடி வரை மணக்கிறது. ஆனால் ஊரில் அன்றைக்கு ஒன்பது கல்யாணம்! பந்தலுக்குப் பந்தல் ஜாங்கிரியும் பாயசமுமாக இலை கொள்ளாமல் பரிமாறிக்கொண்டிருக்கும்போது, காசு கொடுத்து இட்லி தின்ன யார் வரப் போகிறார்கள்?

அமெரிக்காவில் டெக்ஸாஸ் ராஜ்யத்தில் நவம்பர் மாதம் பிறந்தால், சில வருஷங்களில், பல்லாயிரம் பேர் இதே கோலத்தில் உட்கார்ந்திருப்பார்கள். கல்லாவில் அல்ல, பரண் மேல். அவர்கள் எதிர்பார்க்கும் விருந்தாளி, வெள்ளை வால் மான். இலை போட்டுத் தண்ணீர் தெளித்து வைத்திருந்தும் விருந்தாளி வருவதில்லை.

கையில் துப்பாக்கியைப் பார்த்ததும் சைவ வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இந்தக் கதையில் பாதிக்கு மேல் மரத்தைப் பற்றிய சங்கதிதான்.

ஆஸ்டின் நகருக்கு மேற்கே, சான் அன்டோனியோவுக்கு வடக்கே, சுண்ணாம்புக் கற்பாறையும் குட்டைக் குன்றுகளுமாக ஒரு பிரதேசம் இருக்கிறது. ‘குன்று நாடு’ என்றே அதற்குப் பெயர். லானோ, மேஸன் என்ற ஜில்லாக்கள் எல்லாம் அங்கேதான். மண் ஆழமில்லாத பூமி. ஆனாலும் மான்களுக்கு அது சொர்க்கம். டெக்ஸாஸில் சுமார் 50 லட்சம் வெள்ளை வால் மான்கள் இருப்பதாக மதிப்பு. அவை மிகவும் அடர்ந்து வாழும் இடங்களில் இந்தக் குன்று நாடும் ஒன்று.

டெக்ஸாஸில் 100-க்கு 90-க்கும் மேற்பட்ட நிலம் தனியார் கையில் இருக்கிறது. ஆகையால் வேட்டைப் பிரியர் நினைத்த காட்டில் நினைத்தபடி நுழைந்துவிட முடியாது. பண்ணைக்காரரிடம் பணம் கட்டி ‘மான் குத்தகை’ எடுக்க வேண்டும். குத்தகை கிடைத்ததும் முதல் வேலையாகப் பரண் கட்டுவார். நாலு கால், ஏணி, மேலே பெட்டி போல ஓர் அறை, அதில் ஜன்னல், உள்ளே நாற்காலி. நம் ஊர்ச் சோளக் கொல்லைப் பரணுக்குப் பங்களா அந்தஸ்து கொடுத்தால் எப்படி இருக்குமோ, அப்படி இருக்கும்.

பரணுக்கு எதிரே, குறி பார்க்கத் தோதான தூரத்தில், முக்காலி மேல் ஒரு பீப்பாய். அதன் அடியில் சிறு மோட்டாரும் கடிகாரமும் உண்டு. பீப்பாய் நிறைய மக்காச்சோளம். குறித்த வேளை வந்ததும் மோட்டார் ‘கிர்ர்’ என்று சுழன்று, சில விநாடிகள் சோளத்தை நாலா பக்கமும் இறைத்துவிட்டு நின்றுவிடும். காலையில் ஒரு வேளை, மாலையில் ஒரு வேளை. கோயில் மணி கேட்டுப் பிரசாதத்துக்கு ஓடிவரும் குழந்தைகள் மாதிரி, இந்த மோட்டார் சத்தத்துக்கே மான்கள் பழகிவிடும். கோடையில் பார்த்தால் சத்தம் அடங்குவதற்குள் ஐந்தாறு வந்து நிற்கும். நம் வேட்டைக்காரர் அதைப் பார்த்து மனக்கோட்டை கட்டுவார். ‘நவம்பர் முதல் சனிக்கிழமை வரட்டும்!’ என்பார். அன்றைக்குத்தான் அங்கே துப்பாக்கிப் பருவம் திறக்கிறது.

அந்தச் சனிக்கிழமையும் வருகிறது. ஆபீசுக்கு லீவு போட்டு, இருட்டிலேயே பரண் ஏறி, சூரியோதயத்துக்கு அரை மணி முன்னாலிருந்து ஆயத்தமாக இருக்கிறார். சட்டம் அனுமதிக்கும் நேரம் அதுதான். மோட்டார் சுழல்கிறது. சோளம் சிதறுகிறது. ஒரு வான்கோழி வருகிறது. இரண்டு பன்றி வருகிறது. மான் மட்டும் வரவில்லை. ஞாயிறும் அப்படியே.

இது ஏதோ பொழுதுபோக்குக்காரரின் ஏமாற்றம் என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் காட்டு மானின் இறைச்சியைக் கடையில் விற்கச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. தானே சுட வேண்டும், அல்லது சுட்டவர் தானமாகக் கொடுக்க வேண்டும். எத்தனையோ சாதாரணக் குடும்பங்களில் ஓர் இலையுதிர் காலத்து வேட்டை, வருஷம் பூராவுக்கும் ஐஸ்பெட்டியை நிரப்புகிற விஷயம். குத்தகைப் பணம், சோள மூட்டை, பெட்ரோல் செலவு எல்லாம் போட்டுவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பினால், வாசலில் நிற்கும் வீட்டுக்காரி என்ன கேட்பாள் என்பது எந்த நாட்டிலும் ஒன்றுதானே!

இந்தக் கட்டத்தில் குத்தகைக்காரருக்கும் பண்ணைக்காரப் பெரியவருக்கும் எப்படிப் பேச்சு நடக்கும் என்று கற்பனை செய்து பார்க்கலாம்.

“ஐயா, உங்கள் நிலத்தில் இருந்த மானெல்லாம் எங்கே போயிற்று? யாராவது திருட்டு வேட்டை ஆடிவிட்டார்களா?”

“ராத்திரி உன் பரணுக் கூரை மேல் ‘டொக், டொக்’ என்று ஏதாவது சத்தம் கேட்டதா, தம்பி?”

“கேட்டது. தூங்கவே விடவில்லை. ஏதோ கொட்டை விழுந்துகொண்டே இருந்தது.”

“மான் எங்கே போயிற்று என்று அதுதான் உனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.”

விழுந்தது ஓக் கொட்டை. மான் உலகத்தில் அதுதான் கல்யாணச் சாப்பாடு.

ஓக் என்பது ஒரே மரம் அல்ல, பெரிய சம்சாரம். வேட்டைக்காரர்கள் அதை இரண்டு பங்காளிக் குடும்பமாகப் பிரித்துக்கொள்வார்கள். ஒன்று வெள்ளை ஓக் வம்சம். அதன் இலை விளிம்பு பெரும்பாலும் வளைவு வளைவாக, கூர் இல்லாமல் இருக்கும். பூத்த வருஷமே கொட்டை பழுத்து விழுந்துவிடும். இன்னொன்று சிவப்பு ஓக் வம்சம். இலை நுனியெல்லாம் ஊசி போல முடியும். கொட்டை பழுக்கப் பெரும்பாலும் இரண்டு பருவம் பிடிக்கும். ருசியிலும் வித்தியாசம். சிவப்பு வம்சத்துக் கொட்டையில் கொழுப்பு அதிகம். ஆனால் துவர்ப்பும் அதிகம். வாழைப்பூவை ஆயாமல் வாயில் போட்டால் நாக்கு எப்படி இழுக்குமோ, அப்படி. வெள்ளை வம்சம் அத்தனை துவர்க்காது. மானுக்கு இரண்டும் ஆகும். துவர்ப்பைக் கட்டிப்போடும் ஒரு புரதம் அதன் உமிழ்நீரிலேயே இருக்கிறது. ஆனாலும் இரண்டும் பக்கத்தில் கிடந்தால் முதலில் காலியாவது வெள்ளைதான். குன்று நாட்டில் மிகுதியாக இருக்கும் ‘லைவ் ஓக்’ மரத்தின் கொட்டையும் ஒரே வருஷத்தில் பழுப்பது. மெலிந்து நீண்டு, பழுத்தால் கறுத்துவிடும். மானுக்கு அதில் ஏகப்பட்ட பிரியம்.

அணிலுக்கும் இந்தக் கணக்கு அத்துபடி. வெள்ளை ஓக் கொட்டை மண்ணில் விழுந்த கொஞ்ச நாளிலேயே முளை விடத் தொடங்கிவிடும். புதைத்து வைத்தால் கெட்டுப் போகும். ஆகவே கிழக்கு அமெரிக்கக் காடுகளில் உள்ள சாம்பல் அணில் அதை உடனே தின்றுவிடும். சேமிக்க எண்ணினால் முளைக் கருவைப் பல்லால் கொத்தி எறிந்துவிட்டுப் புதைக்கும்! சிவப்பு ஓக் கொட்டை வசந்தம் வரை முளைக்காது. அதை அப்படியே புதைத்து வைக்கும். ஊறுகாய் போடும் பாட்டிமார்கள் இந்த அணிலைப் பார்த்தால் மெச்சுவார்கள்.

இந்த மரங்களின் சாமர்த்தியம் இன்னும் பெரிது. ஓக் வருஷா வருஷம் ஒரே அளவாகக் காய்க்காது. இரண்டு மூன்று வருஷம் ஏதோ பெயருக்குக் காய்க்கும். பிறகு திடீரென்று ஒரு வருஷம், அந்த வட்டாரத்து மரங்களெல்லாம் சொல்லி வைத்தாற்போல் கொட்டித் தள்ளும். பூக்கும் சமயத்தில் உறைபனி விழுந்ததா, வெயில் காய்ந்ததா என்பதெல்லாம் இதில் சேர்த்தி. விஞ்ஞானிகள் சொல்லும் காரணம் ஒன்று உண்டு. இளைத்த வருஷங்களில் தீனி கிடைக்காமல் எலி, அணில், மான், பன்றி எல்லாம் கட்டுக்குள் இருக்கும். பெருத்த வருஷத்தில் அத்தனை வாயும் சேர்ந்து தின்றாலும் தீராத அளவுக்குக் கொட்டிவிட்டால், மீந்தது முளைத்துக் காடாகும். நின்ற இடத்தை விட்டு நகராத மரம், ஓடியாடும் மிருகங்களையெல்லாம் பசியாலும் பெருவிருந்தாலும் ஆட்டி வைக்கிறது. அந்த ஆட்டத்தில் நம் பரண்காரரும் அகப்பட்டுக்கொண்டார்.

மான் ஏன் இப்படிச் சோளத்தை உதறுகிறது? பசுவைப் போல அதுவும் நாலு அறை வயிற்றோடு அசை போடும் பிராணிதான். ஆனால் பசுவுக்கு இருப்பதுபோல் பெரிய தொட்டி வயிறு இல்லை. கிடைத்த புல்லையெல்லாம் வாரி அடைத்துக்கொள்ள முடியாது. ஆகையால் பொறுக்கித் தின்னும். இங்கே ஒரு தளிர், அங்கே ஒரு பழம். குளிர்காலம் வருமுன் உடம்பில் கொழுப்பு ஏற்றிக்கொள்ள வேண்டிய அவசரம் வேறு. ஓக் கொட்டையில் மாவும் உண்டு, கொழுப்பும் உண்டு. அதுவும் படுத்திருக்கும் புதருக்கு நாலு அடி தள்ளியே கிடைக்கிறது. திறந்த வெளியில் மோட்டார் சத்தத்துக்கு நடுவே, மனித வாடையோடு கிடக்கும் சோளத்துக்காக உயிரைப் பணயம் வைக்க அதற்கு என்ன தலையெழுத்து? மான்கள் ஊரை விட்டுப் போய்விடவில்லை. பரணிலிருந்து ஒரு பர்லாங்குக்குள் மர நிழலில் வயிறு நிறையத் தின்று, அங்கேயே அசை போட்டுப் படுத்திருக்கின்றன.

இதைப் புரிந்துகொள்ளாத ஆசாமி என்ன செய்வார்? இன்னும் இரண்டு மூட்டை சோளம் கொட்டுவார். கடையில் ஆப்பிள் வாசனைத் தூள், சர்க்கரைப் பாகு என்று கவர்ச்சியான படம் போட்டு விற்பதை வாங்கி வந்து தெளிப்பார். அதில் முதலில் கவரப்படுவது வேட்டைக்காரர்தான், அடுத்தபடி பன்றி. டெக்ஸாஸ் காட்டுப் பன்றிக்குக் கட்டுப்பாடு என்பதே கிடையாது. அது மேயும் இடத்தில் மான் ஒதுங்கி நிற்கும். மழையில் நனைந்த சோளம் பூசணம் பிடித்தால் அஃப்ளாடாக்சின் என்ற விஷம் உண்டாகும். காடைக்கும் வான்கோழிக்கும் அது ஆகாது. சோளமே பழக்கமில்லாத மான் திடீரென்று அதை ஏராளமாகத் தின்றாலோ, முதல் வயிற்றில் புளிப்பு மிஞ்சி உயிருக்கே ஆபத்தாகலாம். உப்புக் கட்டி வைப்பவர்களும் உண்டு. உப்பை மான் தேடுவது வசந்தத்திலும் கோடையிலும். நவம்பரில் அதனால் பெரிய பிரயோஜனமில்லை.

விஷயம் தெரிந்தவர் சோளத்தைப் பற்றிக் கவலைப்பட மாட்டார். பங்களாப் பரணை விட்டுக் கீழே இறங்குவார். நடுப்பகலில் மெதுவாக நடந்து, ‘இன்றைக்கு எந்த மரம் கொட்டுகிறது?’ என்று தேடுவார். ‘இன்றைக்கு’ என்பதுதான் இதில் முக்கியம். எல்லா மரமும் ஒரே நாளில் உதிர்ப்பதில்லை. போன வாரம் கொட்டிய மரம் இந்த வாரம் வெறும் தொப்பியோடு நிற்கும். மரத்தடியில் குனிந்து பார்த்தால் எல்லாம் எழுதி வைத்திருக்கும். சருகு புரட்டிக் கிடக்கிறதா? கொட்டையின் தொப்பி மட்டும் தனியே கிடக்கிறதா? கடித்துத் துப்பிய தோல் ஈரமாக இருக்கிறதா? புழுக்கை கறுத்துப் பளபளக்கிறதா? எல்லாம் இருந்தால் அன்று சாயங்கால விருந்து அங்கேதான். சாய்த்து வைக்கும் ஏணிப் பரண், மரத்தில் கட்டும் சின்னத் தொங்கு பரண் எல்லாம் இதற்காகவே இருக்கின்றன. அதைத் தூக்கிக்கொண்டு விருந்து நடக்கும் இடத்துக்கே போய்விட வேண்டியதுதான்.

அங்கேயும் காற்றைப் பார்த்துத்தான் உட்கார வேண்டும். மானின் கண்ணை ஏமாற்றலாம். சிவப்பும் ஆரஞ்சும் அதற்கு நன்றாகத் தெரியாது. மூக்கை ஏமாற்ற முடியாது. காற்று நம்மிடமிருந்து மரத்தடிக்கு அடித்தால், எத்தனை கொட்டை கிடந்தாலும் அன்றைக்குப் பந்தி காலிதான்.

தண்ணீரையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பச்சைத் தளிரில் உள்ள ஈரம் கொட்டையில் இல்லை. மழையில்லாத நவம்பரில், உலர்ந்த கொட்டையைத் தின்ற மான் எங்கேயாவது குடித்தாக வேண்டும். கொட்டும் மரத்துக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் உள்ள ஒற்றையடிப் பாதையில், சோளப் பீப்பாய்ப் பரணில் வாரம் பூராவும் காணாத மானைக் காணலாம்.

வயிறு நிறைந்த விருந்தாளியை வரவழைக்க இன்னும் ஒரு வழி உண்டு. கலைமான்களுக்கு அது காதல் பருவம். பிணையைத் தேடி அலையும் நாளில் கலைக்குச் சாப்பாட்டு நினைவே குறைந்துவிடும். அப்போது வேட்டைக்காரர் இரண்டு பழைய கொம்புகளை எடுத்து ஒன்றோடொன்று மோதி உரசுவார். ‘எவனோ இரண்டு பேர் நம் வட்டாரத்தில் சண்டை போடுகிறான்கள்’ என்று எண்ணிக் கலை விரைந்து வரும். தென் டெக்ஸாஸில் வெல்டர் சரணாலயத்தில் 1990-களில் இதைப் பரீட்சை செய்தே பார்த்தார்கள். மெதுவாக உரசியதைவிடப் பலமாக மோதியபோது அதிகக் கலைகள் வந்தன. வந்தவற்றில் பெரும்பாலானவை காற்று போகும் பக்கமாகச் சுற்றி, மோப்பம் பிடித்துக்கொண்டே வந்தன. சண்டை பார்க்கும் ஆசையிலும் புத்தியைக் கைவிடாத ஜீவன்!

இவ்வளவு பாடுபட்டு ஏன் சுட வேண்டும், தின்றுவிட்டுப் போகட்டுமே என்று தோன்றலாம். எனக்கும் தோன்றியதுண்டு. ஆனால் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. 1900-ஐ ஒட்டிய காலத்தில், கண்மண் தெரியாத வியாபார வேட்டையால் அமெரிக்கா முழுவதிலும் வெள்ளை வால் மான்கள் சில லட்சமாகக் குறைந்து போயின. சட்டமும் பாதுகாப்பும் வந்த பிறகு இன்று சுமார் 3 கோடி என்கிறார்கள். ஓநாயைப் பெரும்பாலான இடங்களில் மனிதனே ஒழித்துவிட்டான். ஆகவே மந்தையைக் கட்டுக்குள் வைக்கும் வேலையும் மனிதன் தலையில் விழுந்தது. கொட்டை பெருத்த வருஷத்தில் மான் பரணுக்கு வராது; வேட்டைக் கணக்கு குறையும். கொழுத்த பிணைகள் அடுத்த வசந்தத்தில் நல்ல குட்டிகளை ஈனும். அதற்கடுத்த வருஷம் மரம் கைவிரித்தால், பெருகிய மந்தை தளிரையெல்லாம் எட்டிய உயரம் வரை மொட்டை அடித்துவிட்டுப் பட்டினியில் நிற்கும். இதனால்தான் மேற்கு விர்ஜினியா ராஜ்யத்தில் 1971 முதல் வருஷந்தோறும் காட்டுக் கொட்டை விளைச்சலைக் கணக்கெடுத்து, அதைக் கொண்டு அந்த வருஷத்து வேட்டை எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே சொல்கிறார்கள்.

சோளம் போட்டு மானை அழைப்பது சரியா என்பதே அங்கே தீராத வழக்கு. மினசோட்டா, அயோவா, இல்லினாய் ராஜ்யங்களில் அது கூடாது, டெக்ஸாஸில் கூடும். இதில் தர்ம நியாயத்தைவிடப் பெரியது வியாதிப் பயம். மிச்சிகனில் 1990-களில் மான்களுக்கிடையே மாட்டு க்ஷயரோகம் பரவியபோது, ஒரே குவியலில் பல மூக்குகள் நுழைவதும் ஒரு காரணம் என்று கண்டார்கள். மானை உருக்கிக் கொல்லும் இன்னொரு மூளை நோய் 1967-ல் கொலராடோவில் முதன்முதலாகத் தென்பட்டது. அதற்கு மருந்தில்லை, அதன் விஷம் மண்ணில் வருஷக்கணக்கில் தங்கும். டெக்ஸாஸிலேயே 2012-ல் கண்டுபிடித்தார்கள். மரத்தடியிலும் மான்கள் கூடத்தான் செய்கின்றன. ஆனால் மரம் பரப்பிப் போடுகிறது, நாளுக்கு ஓர் இடமாக மாற்றிப் போடுகிறது. பீப்பாயோ வருஷம் முழுவதும் ஒரே இடத்தில் இறைக்கிறது. என் அபிப்பிராயத்தைக் கேட்டால், பீப்பாய்ப் பரணில் இருப்பவர் காவல்காரர். மரத்தடி தேடிப் போகிறவர்தான் வேட்டைக்காரர்.

நம்மவர் ஒருவரும் அந்தக் குன்று நாட்டில் குடியேறியிருக்கிறார். கிண்டியிலும் முதுமலையிலும் நாம் பார்க்கும் அதே ஜாதிப் புள்ளிமான்! 1932-ல் கொண்டுபோய் விட்டார்கள்; இன்று அங்கே ஏராளமாகப் பெருகிவிட்டது. தளிர் கிடைக்காவிட்டால் புல்லைத் தின்றே பிழைத்துக்கொள்ளும். வெள்ளை வாலுக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது. அந்நிய மிருகம் என்பதால் டெக்ஸாஸில் புள்ளிமானுக்கு வேட்டைப் பருவமே இல்லை. வருஷம் முழுவதும் சுடலாம். இங்கேயோ 1972-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி அதன் மேல் கை வைத்தால் சிறைவாசம். ஆகவே இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் பரணுக்கு மூங்கில் வெட்டக் கிளம்ப வேண்டாம்.

குன்று நாட்டில் வெள்ளை வாலுக்கான பொதுப் பருவம் ஜனவரி முதல் ஞாயிற்றுக்கிழமை முடிகிறது. அதன் பிறகு கொம்பில்லாத மானுக்கும், கிளைவிடாத ஒற்றைக் கொம்புக் கலைக்கும் மட்டும் இரண்டு வாரம் தவணை. அதற்குள் மரத்தடியில் கொட்டை தீர்ந்திருக்கும். மிஞ்சியது புழு அரித்ததாக இருக்கும். குளிர் இறுகும். ஒரு நாள் மாலை மோட்டார் ‘கிர்ர்’ என்று சுழல்கிறபோது, புதர் ஓரத்தில் பெரிய கொம்போடு ஒரு கலை வந்து நிற்கும். நவம்பர் பூராவும் காணாத அதே கலைதான். இப்போது அதைச் சுட அனுமதி இல்லை. அது சாவதானமாகச் சோளத்தைப் பொறுக்கித் தின்கிறது. பரண் மேல் இருப்பவர் எண்ணிப் பார்க்கிறார்: எட்டுக் கிளை.

“அடுத்த நவம்பர் வரட்டும்!” என்கிறார்.